பெற்றோரின் பங்கு வீட்டுப்பாடத்தோடு முடிந்துவிடுமா?

(நீண்ட பதிவு. கல்வியியல், சமூகவியல் ஆய்வுகளில் இருக்கும் நண்பர்களை முன்வைத்து எழுதியது. பொறுமை உள்ளோர் முழுமையாக வாசித்தபின் மறுக்கவும்.)

தென் கொல்கத்தாவில் உள்ள தனியார் பள்ளி ஒன்று பெற்றோருக்கு அனுப்பிய சுற்றறிக்கையைக் கடந்த வாரம் நண்பர்கள் பலர் பாராட்டுரையோடு பகிர்ந்திருந்தீர்கள். பிள்ளைகளின் கல்வியில் பெற்றோர் பங்கேற்பதற்கான வழிகளாகப் பதினோரு அறிவுரைகள் அதில் உள்ளன. நாட்குறிப்பேட்டில் நாள்தோறும் கையொப்பமிட வேண்டும். வீட்டுப்பாடத்தை மேற்பார்வையிட வேண்டும். செயல்திட்டப் பணிக்கு உதவ வேண்டும். வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேச வேண்டும். தேர்வு வாரங்களில் விருந்தினரைத் தவிர்க்க வேண்டும். இப்படியே போகிறது அப்பட்டியல்.

பதினொன்றையும் இருமுறை வாசித்தேன். பெற்றோர் பள்ளியை நோக்கி எழுப்பக்கூடிய ஒரு கேள்விக்கேனும் அதில் இடமில்லை. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள், இவ்வாண்டு கட்டணம் ஏன் உயர்ந்தது, பின்தங்கும் பிள்ளைக்குப் பள்ளி என்ன செய்கிறது ஆகிய எவற்றையும் கேட்கலாம் என்ற குறிப்புகூட இல்லை. பள்ளி செய்ய வேண்டிய வேலையில் ஒரு பகுதி வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அதற்குப் 'பங்கேற்பு' என்று பெயரும் சூட்டப்பட்டிருக்கிறது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பள்ளிகளும் நம் ஆய்வுகளும் இன்று 'பெற்றோர் பங்கேற்பு' என்று அழைப்பது பெரும்பாலும் ஊதியமற்ற கற்பித்தல் உழைப்பையே. பள்ளி எப்படி நடக்கிறது என்று கேட்கவும், அதன் முடிவுகளில் வாக்களிக்கவும் பெற்றோருக்கு உள்ள உரிமையே பங்கேற்பின் உயிர். அந்த உரிமையை விட்டுவிட்டு உழைப்பை மட்டும் கேட்பது, படித்த பெற்றோரின் பிள்ளைக்குக் கூடுதல் வாய்ப்பாகவும் படிக்காத பெற்றோரின் பிள்ளைக்குத் தண்டனையாகவும் முடிகிறது.

இதைப் பிறர்மேல் வைக்கும் குற்றச்சாட்டாக மட்டும் எழுதவில்லை. குற்றவாளிகளின் வரிசையில் நானும் நிற்கிறேன்.

1. என் வினாநிரலும் ஒரு நாள்காட்டியும்

முனைவர் பட்ட ஆய்வுக்காகச் சென்ற ஆண்டு ஒரு வினாநிரல் தயாரித்தேன். பெற்றோர் பங்கேற்பை அளக்க அதில் பத்து வினாக்கள் இருந்தன. வீட்டுப்பாடத்தில் உதவுகிறீர்களா, நாளொன்றுக்கு எத்தனை நிமிடம், வீட்டில் பாடநூல் அல்லாத நூல்கள் எத்தனை, பெற்றோர் கூட்டங்களில் எத்தனைக்குச் சென்றீர்கள் என்பன போன்றவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். உலகெங்கும் கையாளப்படும் அளவுகோல்களைத் தழுவியது, நெறியாளரும் ஏற்றுக்கொண்டார்.

களத்துக்குச் செல்லுமுன் வினாநிரலைச் சோதித்துப் பார்க்க, நான் வாடகைக்கு இருக்கும் டாகுரியா வீட்டில் வேலை செய்யும் தீதியிடம் கேட்டேன். அவர் கேனிங் தடத்துப் புறநகர் ரயிலில் விடியுமுன் ஏறி வந்து, நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கித் துணி துவைத்து, பிற்பகலில் ஊர் திரும்புபவர். எழுதப் படிக்கத் தெரியாது. மகள் ஊரில் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு. என் அளவுகோலில் அவர் பெற்றது இருபதுக்கு இரண்டு. நான் படிப்பதைக் கேட்டுக் கேட்டு 'இல்லை', 'இல்லை' என்று சொல்லும்போது அவர் குரல் ஒவ்வொரு முறையும் தாழ்ந்துகொண்டே போனது. என் கோப்பில் அவர் 'பங்கேற்பு மிகக் குறைந்த பெற்றோர்' ஆனார்.

தாளை மடித்து வைத்தபின்தான் அவர் பேசினார். மகளின் பள்ளியில் நான்கு வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் விடுப்பிலோ வேறு அரசுப் பணியிலோ சென்றால் மகளின் வகுப்பு அன்று நடக்காது. அவ்வாறு நடக்காத நாள்கள் அந்த மழைக்காலத்தில் மட்டும் பத்தொன்பது. எப்படித் தெரியும் என்று கேட்டேன். வீட்டில் நகைக்கடை கொடுத்த நாள்காட்டி ஒன்று தொங்குகிறது. தாம் வேலைக்கு வராத நாள்களை அதில் வட்டமிட்டு வைப்பது அவர் வழக்கம். மாதக் கடைசியில் ஊதியத்தில் பிடித்தம் செய்யும்போது கணக்குத் தவறக்கூடாதல்லவா? அதே நாள்காட்டியில், மகள் பாடம் நடக்காமல் திரும்பிய நாள்களைப் பெருக்கல் குறியிட்டு வைத்திருக்கிறார்.

பிறகு அவர் கேட்டார்: "இந்தக் கணக்கை யாரிடம் கொடுப்பது?"

என் வினாநிரலில் அந்தப் பத்தொன்பது நாள்களை எழுத ஒரு கட்டமும் இல்லை. பள்ளியின் செயல்பாட்டை இவ்வளவு கூர்மையாகக் கண்காணித்த தாயைப் 'பங்கேற்காதவர்' என்று வகைப்படுத்திய அளவுகோல் எதை அளக்கிறது? அவருடைய அக்கறையையா, அவருக்கு ஒருகாலத்தில் மறுக்கப்பட்ட பள்ளிப் படிப்பையா?

2. 'கார்ஜென் கால்'

வங்கத்துப் பள்ளிகளில் வழங்கும் தொடர் ஒன்றைத் தமிழ் நண்பர்கள் அறிந்திருக்க வேண்டும்: 'கார்ஜென் கால்'. பாதுகாவலர் என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல் வங்க நாவில் திரிந்த வடிவம். மாணவன் தவறு செய்தால், மதிப்பெண் குறைந்தால், பெற்றோரை வரவழைப்பார்கள். 'கார்ஜென் கால் ஆகிவிட்டது' என்றால் பிள்ளைக்குக் கிடைக்கும் தண்டனைகளுள் பெரியது அது. தமிழ்நாட்டில் 'நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா' என்று சொல்வதற்கு நிகரானது.

பெற்றோர் பள்ளிக்கு வருவதைக் குறிக்க அன்றாடப் பேச்சில் புழங்கும் சொல்லே தண்டனையின் பெயராக இருப்பதைக் கவனியுங்கள். பெற்றோர் அங்கே குற்றவாளியின் துணைக்குற்றவாளியாக நிற்கிறார். தலைமையாசிரியர் அமர்ந்திருப்பார்; பெற்றோர் நின்றிருப்பார். அறை மாறலாம், மொழி மாறலாம். கொல்கத்தாவுக்கும் கும்பகோணத்துக்கும் இந்தக் காட்சியில் வேறுபாடு அதிகமில்லை.

இதே வங்கத்தில் கல்வியின் தொடக்கம் வேறுவிதமாக நடக்கிறது. சரசுவதி பூசை நாளில் 'ஹாதேகொரி' என்ற சடங்கு உண்டு. மடியில் அமர்ந்த குழந்தையின் கையைப் பெரியவர் ஒருவர் பற்றிச் சுண்ணக்கட்டியால் முதல் எழுத்தை எழுதுவிப்பார். நம் வித்தியாரம்பத்தை ஒத்தது. ஈசுவர சந்திர வித்தியாசாகரர் 1855இல் வெளியிட்ட 'வர்ணபரிசய்' என்னும் அரிச்சுவடி தலைமுறை தலைமுறையாக வங்க வீடுகளில் புழங்கி வந்திருக்கிறது. கல்வியை வீட்டுக்குள் மதிக்கத் தெரியாத சமூகம் அன்று இது. கல்வி நிறுவனத்துக்குள் பெற்றோருக்கு மதிப்பு இல்லை என்பதே இங்குள்ள சிக்கல்.

3. டியூஷன் என்னும் நிழற்பள்ளி

வீட்டில் கற்பிக்க இயலாத பெற்றோர் என்ன செய்கிறார்கள்? கற்பித்தலை விலைக்கு வாங்குகிறார்கள். தீதி மகளின் டியூஷனுக்கு மாதம் முந்நூறு ரூபாய் கொடுக்கிறார். நான்கு வீடுகளில் ஒரு வீட்டு வருமானத்தில் கணிசமான பங்கு அது. இது அவருடைய தனிப்பட்ட மிகை ஆசை என்று கருத வேண்டாம். 2022ஆம் ஆண்டின் அசர் அறிக்கைப்படி, கிராமப்புற இந்தியாவில் முதல் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை கட்டணம் செலுத்தி டியூஷன் செல்லும் பிள்ளைகள் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேர். மேற்கு வங்கத்தில் அது நூற்றுக்கு ஏறத்தாழ 74. நாட்டிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் ஒன்று.

நோபல் பரிசுத் தொகையைக் கொண்டு அமர்த்தியா சென் நிறுவிய பிரதீசி அறக்கட்டளை, மேற்கு வங்கத் தொடக்கக் கல்வியைப் பற்றி 2002இலும் 2009இலும் அறிக்கைகள் வெளியிட்டது. ஆசிரியர் வருகை, மதிய உணவு எனப் பல கூறுகளில் முன்னேற்றம் கண்ட இரண்டாம் அறிக்கை, டியூஷன் சார்பு மட்டும் வளர்ந்திருப்பதைப் பதிவு செய்தது. வழக்கமான தொடக்கப்பள்ளி மாணவரிடையே அது 57 விழுக்காட்டிலிருந்து 64 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஏழைக் குடியிருப்புகளுக்கென அமைந்த சிசு சிக்ஷா கேந்திரங்களில் 24இலிருந்து 58 விழுக்காடு. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் இடத்தில்தான் பாய்ச்சல் மிகுதி என்பதைக் கவனியுங்கள். பாடச்சுமையும் வீட்டுப்பாடமும் இதன் காரணங்களுள் சேர்கின்றன என்பதையும் அவ்வறிக்கை சுட்டியது. வகுப்பறையில் முடியாத பாடம் பையில் ஏறி வீட்டுக்கு வருகிறது. வீட்டில் அதைத் திறக்க ஆள் இல்லாததால் பணம் கொடுத்து ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைப் பட்டியலிடுகிறது. குறித்த காலத்துக்குள் முழுப் பாடத்திட்டத்தையும் முடிப்பது அவற்றுள் ஒன்று. ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனை மதிப்பிட்டுத் தேவைப்பட்டால் கூடுதலாகக் கற்பிப்பது மற்றொன்று. பெற்றோரோடு முறையாகக் கூட்டம் நடத்திப் பிள்ளையின் வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பதும் ஆசிரியரின் கடமையே. பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக்கூடாது என்று 28ஆம் பிரிவு விலக்குகிறது. சேர்க்கையின்போது பெற்றோரைத் தேர்வுக்கு உட்படுத்தக்கூடாது என்பது 13ஆம் பிரிவு.

சட்டத்தின்படி பெற்றோருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியது பள்ளி. நடைமுறையிலோ, பெற்றோர்தான் நாட்குறிப்பேட்டின் வழியாகப் பள்ளிக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

4. பங்கேற்பவர் யார்? அம்மா.

காலை வேளைகளில் தென் கொல்கத்தாவின் பெரிய பள்ளிகளைச் சுற்றியுள்ள நடைபாதைகளைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, செய்தித்தாள் விரித்து, பள்ளி விடும்வரை அமர்ந்திருக்கும் தாய்மார். தொலைவிலிருந்து வருபவர்களுக்கு வீடு சென்று திரும்ப நேரம் போதாது. அங்கேயே குறிப்பேடுகள் கைமாறுகின்றன, ஜெராக்ஸ் எடுக்கப்படுகின்றன, எந்த ஆசிரியரின் டியூஷன் நல்லது என்ற தகவல் பரிமாறப்படுகிறது. பட்டம் பெற்ற பெண்கள் பலர் அக்கூட்டத்தில் உண்டு. பிள்ளை பள்ளியில் சேர்ந்த ஆண்டில் வேலையை விட்டவர்களும் உண்டு.

சுற்றறிக்கைகளில் 'பெற்றோர்' என்று பாலற்ற சொல்லால் குறிக்கப்படுபவர் இவரே. 2019ஆம் ஆண்டின் தேசியக் காலப்பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் செலவிடும் சராசரி நேரம் 299 நிமிடம். அதில் ஈடுபடும் ஆணுக்கு 97 நிமிடம். இந்த 299 நிமிடத்தின்மேல் பள்ளி தன் பங்குக்கு ஒரு மணிநேரத்தை ஏற்றுகிறது. பிள்ளை தோற்றால் பழி தாய்க்கு. வென்றால் பெருமை பள்ளிக்கு.

'வீட்டில் ஆங்கிலத்திலேயே பேசுங்கள்' என்ற அறிவுரையையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். லேக் மார்க்கெட் பகுதியின் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை பாட்டியிடம் தமிழிலும் தெருவில் வங்கத்திலும் பேசி வளர்கிறது. அத்தாய்க்கு நிறைவாகத் தெரிந்த மொழியைப் பிள்ளையிடமிருந்து விலக்கச் சொல்வது, அவர் தரக்கூடிய சிறந்த கல்வியை நிறுத்தச் சொல்வதாகும். கற்கும் மொழி வாழும் மொழியிலிருந்து விலகுவதன் கேட்டை, தாகூர் 1892இலேயே 'சிக்ஷார் ஹேர்ஃபேர்' என்ற கட்டுரையில் இதே வங்க மண்ணில் வாதிட்டுவிட்டார். நூற்று முப்பது ஆண்டுகள் கடந்தும் அதற்கு நேர்மாறான அறிவுரை, பெற்றோர் பங்கேற்பு என்ற பெயரில் வீடுதோறும் செல்கிறது.

5. ஆய்வுகள் உண்மையில் சொல்வது

பெற்றோர் உதவினால் பிள்ளை முன்னேறும் என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்ட உண்மை என்று பலர் கருதுகிறோம். அவ்வளவு எளிதன்று. கீத் ராபின்சனும் ஏஞ்சல் ஹாரிசும் 2014இல் வெளியிட்ட 'தி புரோக்கன் காம்பஸ்' என்ற நூல், அமெரிக்காவின் பல பத்தாண்டுத் தரவுகளைச் சலித்துப் பார்த்தது. பெற்றோர் ஈடுபாடு என்று எண்ணப்படும் செயல்களில் பெரும்பாலானவற்றுக்கும் தேர்ச்சி உயர்வுக்கும் நிலையான தொடர்பு இல்லை என்பது அதன் முடிவு. வீட்டுப்பாட உதவி சில நேரங்களில் எதிர்விளைவோடுகூடத் தொடர்புற்றிருந்தது.

அனெட் லரோ 2003இல் வெளியிட்ட 'அன்ஈக்வல் சைல்டுஹுட்ஸ்' நாம் அடிக்கடி மேற்கோள் காட்டும் நூல். நடுத்தர வகுப்புப் பெற்றோர் பிள்ளையைத் திட்டமிட்டு வளர்க்கிறார்கள் என்ற செய்தியை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறோம். நிறுவனங்களோடு பேரம் பேசவும், ஆசிரியரை விளக்கம் கேட்கவும், விதியைத் தமக்கு ஏற்ப வளைக்கவும் அப்பெற்றோருக்குத் தெரியும் என்பதும், உழைக்கும் வகுப்புப் பெற்றோர் பள்ளியை அச்சத்தோடு அணுகினர் என்பதும் அதே நூலின் மையச் செய்திகள். வேறுபாடு அன்பில் இல்லை. நிறுவனத்தின் முன் ஒருவருக்கு இருக்கும் நிலையில் இருக்கிறது.

ஜாய்ஸ் எப்ஸ்டீனின் ஆறுவகைப் பகுப்பும் நம் கல்வியியல் வகுப்புகளில் மனப்பாடம் செய்யப்படுவது. வளர்ப்பு, தகவல் தொடர்பு, தன்னார்வப் பணி, வீட்டில் கற்றல், முடிவெடுத்தல், சமுதாயத்தோடு கூட்டுறவு என்பன அவை. ஐந்தாவதான முடிவெடுத்தல் நம் சுற்றறிக்கைகளிலும் வினாநிரல்களிலும் ஏன் காணாமற்போகிறது? ஏனைய ஐந்தையும் பள்ளி தன் வசதிக்கேற்பக் கேட்டுப் பெற முடியும். ஐந்தாவதில் மட்டும் அது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

6. கேட்கத் தெரிந்தவர் வெளியேறினர்

மேற்கு வங்கத்தின் அண்மை வரலாறு இதற்கு ஒரு பாடம். 1980களின் தொடக்கத்தில் இடது முன்னணி அரசு, அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளிலிருந்து ஆங்கிலத்தை விலக்கியது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் அமைய வேண்டும் என்ற அதன் அடிப்படையை நான் ஏற்கிறேன். ஆனால் பிள்ளையின் எதிர்காலம் குறித்த பெற்றோரின் அச்சத்தோடு உரையாடுவதற்கான களம் பள்ளிக்குள் இல்லை. வசதி உள்ளோர் ஆங்கிலவழித் தனியார் பள்ளிகளை நாடினர். வசதி இல்லாதோர் ஆங்கிலத்துக்கென்று டியூஷன் ஆசிரியரை நாடினர். 2004இல் முதல் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் திரும்பியது, போனவர்கள் திரும்பவில்லை.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் முன்வைத்த வெளியேற்றம், குரல் என்ற இணையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதன் தரத்தில் மிகுந்த அக்கறை உள்ளவர்கள் எளிதில் வெளியேற முடிந்தால், உள்ளிருந்து சீர்திருத்தும் குரல் முதலில் அவர்களோடு போய்விடும். கொல்கத்தாவின் அரசு உதவிபெறும் பள்ளிகளில் நிகழ்ந்தது இதுதான். பேராசிரியர், வழக்கறிஞர், மருத்துவர், இதழாளர் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே இருந்தவரை தலைமையாசிரியரிடம் நிமிர்ந்து கேட்க யாரேனும் இருந்தனர். இன்று அங்கே எஞ்சியிருப்பவர், 'யாரிடம் கொடுப்பது' என்று என்னைக் கேட்ட தீதி போன்றோர்.

பெற்றோர் எவ்வளவு தொலைவில் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கு ஒரே சான்று போதும். 2016ஆம் ஆண்டின் பணியாளர் தேர்வு முறைகேட்டை முன்னிட்டு, ஏறத்தாழ 26,000 ஆசிரியர், அலுவலர் நியமனங்களை ரத்து செய்த உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 3 அன்று உறுதி செய்தது. அரசு, ஆணையம், பணியிழந்தோர், பணி கிடைக்காதோர் என எல்லாத் தரப்பும் பேசின. வகுப்பில் கணிதத்துக்கு ஆள் இருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள வேண்டிய தரப்பு அவ்விவாதத்தில் ஒரு தரப்பாகவே எண்ணப்படவில்லை.

7. உரிமை எங்கே இருக்கிறது?

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை வலியுறுத்துகிறது. உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினரின் பெற்றோருக்கு உரிய விகிதத்தில் இடம் வேண்டும். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும், அரசு தரும் நிதியின் செலவைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும் அதன் பணிகள். வீட்டுப்பாடத்தில் உதவுவது அப்பட்டியலில் இல்லை. தீதியின் நாள்காட்டிக்கு உரிய முகவரி அக்குழுதான். அப்படி ஒன்று இருப்பதை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இப்பிரிவு பொருந்தாது. பெருங்கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு அச்சட்டத்தின்படி மேலாண்மையில் ஓர் இருக்கைகூட இல்லை. ஆயினும் அவர்களால் முடிந்ததைக் கொல்கத்தாவே காட்டியது. பெருந்தொற்றுக் காலத்தில் மூடிக்கிடந்த பள்ளிகள் முழுக் கட்டணம் கேட்டபோது, பெற்றோர் தரப்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2020 அக்டோபரில் கல்கத்தா உயர் நீதிமன்றம், 145 தனியார் பள்ளிகள் கட்டணத்தைக் குறைந்தது 20 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றும், பயன்படுத்தாத வசதிகளுக்குக் கட்டணம் பெறக்கூடாது என்றும் ஆணையிட்டது. பள்ளிக் கணக்கு பெற்றோரின் வினாவுக்கு உட்பட்டது என்பது அன்று ஓரளவு நிலைநின்றது. அந்த ஆண்டு கொல்கத்தாவில் நடந்த மிகப் பெரிய பெற்றோர் பங்கேற்பு அதுவே என்பேன். எந்தச் சுற்றறிக்கையும் அதைப் பங்கேற்பு என்று குறிப்பிடவில்லை.

8. இரண்டு மறுப்புகள்

முதல் மறுப்பு: படிக்காத பெற்றோர் பள்ளியை எப்படிக் கண்காணிப்பர்? பத்தொன்பது பெருக்கல் குறிகள் இதற்கு விடை. வரலாற்றிலும் விடை உண்டு. வில்லியம் ஆடம் 1835 முதல் 1838 வரை அளித்த அறிக்கைகளில் காணும் வங்கத்துப் பாடசாலைகளில், குரு தம் வாழ்வுக்குப் பெற்றோரின் கட்டணத்தையும் தானியத்தையும் நம்பியிருந்தார். தானே எழுதத் தெரியாத தந்தைக்கும் மகனுக்குச் சந்தைக் கணக்கு வருகிறதா என்று தெரியும். நம் திண்ணைப் பள்ளிகளும் ஊரின் கண்முன் நடந்தவை. அக்காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை; பெண்களுக்கும் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும் அவற்றின் கதவு பெரும்பாலும் மூடியே இருந்தது. கண்காணிக்கப் பட்டம் தேவையில்லை என்பதற்கு மட்டுமே அவற்றைச் சுட்டுகிறேன்.

இரண்டாம் மறுப்பு வலுவானது: குழுக்களைக் கட்சிகள் கைப்பற்றிவிடும். மேற்கு வங்கத்தில் பள்ளி நிர்வாகக் குழுவின் பெற்றோர் பிரதிநிதித் தேர்தல்கள் கட்சிப் போர்க்களங்களாகவே நடந்த காலம் உண்டு. அவ்வச்சத்தை நான் தள்ளவில்லை. ஆனால் ஊராட்சித் தேர்தலைக் கட்சிகள் கைப்பற்றுகின்றன என்பதற்காக ஊராட்சியை ஒழிக்க வேண்டும் என்று நாம் வாதிடுவதில்லை. கைப்பற்றப்பட்டதைப் பெற்றோரிடம் மீட்டுக்கொடுக்கும் வழியைத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் 2022இல் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பரப்புரையோடு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. இருபது உறுப்பினரில் பதினைந்து பேர் பெற்றோர். எல்லா ஊரிலும் அவை உயிரோடு இயங்குகின்றன என்று சொல்லமாட்டேன். தலைமையாசிரியர் நீட்டும் இடத்தில் கையொப்பமிடும் குழுக்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்று ஒரு தாய் கூட்டத்தில் எழுந்து பேசி, அது குறிப்பேட்டில் தீர்மானமாக ஏறியதையும் பார்த்திருக்கிறேன். அத்தாய் என் வினாநிரலில் எத்தனை மதிப்பெண் பெற்றிருப்பார் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.

9. நாம் செய்ய வேண்டியவை

வீட்டில் பெற்றோருக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. கதை சொல்வதும், பள்ளியில் நடந்ததைப் பிள்ளை சொல்லக் கேட்பதும், அச்சமின்றி உறங்கவைப்பதும் கல்விதான். அவற்றைப் பெற்றோர் தம் மொழியில், தம் அறிவைக்கொண்டு செய்வர். அதற்குக் கையொப்பமும் மதிப்பெண்ணும் வேண்டா.

பள்ளிகளிடம் கேட்க வேண்டியவை மூன்று. தொடக்க வகுப்புகளில், பெரியவர் உதவியின்றிப் பிள்ளை தானே செய்ய முடியாத எதையும் வீட்டுக்கு அனுப்பக்கூடாது. மேலாண்மைக் குழுவின் உறுப்பினர் பெயர், கூட்ட நாள், தீர்மானம், செலவுக் கணக்கு ஆகியவற்றைப் பள்ளி வாயிலில் வட்டார மொழியில் எழுதி வைக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதோருக்குக் கூட்டத்தில் வாசித்துக் காட்ட வேண்டும். தனியார் பள்ளிகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட பெற்றோருக்கு வாக்குரிமையோடு இடம் அளிக்கச் சட்டம் திருத்தப்பட வேண்டும்.

ஆய்வாளர்களிடம் கேட்பது ஒன்றே. 'பெற்றோர் பங்கேற்பு' என்ற மாறியை உங்கள் அட்டவணையில் ஏற்றுமுன் அது எதை அளக்கிறது என்று பாருங்கள். நான் என் பத்து வினாக்களில் ஆறை நீக்கிவிட்டேன். 'பள்ளியைப் பற்றிய குறையை யாரிடமாவது சொன்னீர்களா, அதன்பின் என்ன நடந்தது?' என்பது இப்போது முதல் வினா. பழைய தரவோடு ஒப்பிட முடியாது என்று நெறியாளர் கவலைப்பட்டார். நியாயமான கவலைதான். தவறானதை இன்னும் துல்லியமாக அளப்பதைவிட இது மேல் என்று சொன்னேன்.

பின்னொரு நாள் 21ஆம் பிரிவைத் தீதிக்கு வங்கத்தில் இயன்றவரை விளக்கினேன். நான்கில் மூன்று பங்கு என்பதை விரல்விட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். கூட்டம் எந்தக் கிழமை நடக்கும்? அன்றைக்கு நான் வராவிட்டால் நீங்கள் நால்வரும் ஊதியத்தில் பிடிப்பீர்களா?

பதில் சொல்லச் சற்று நேரம் ஆயிற்று. என் பங்கைப் பிடிக்கமாட்டேன் என்று சொன்னேன். மற்ற மூன்று வீடுகளிலும் பேசுவதாகச் சொன்னேன். இருவர் இசைந்தனர். ஒருவர் இன்னும் இசையவில்லை. அவர் வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளியிலிருந்து வந்ததுதான், இப்பதிவின் தொடக்கத்தில் நான் சொன்ன சுற்றறிக்கை.